வெளுத்துப்போன படம்

படத்தில் நிழலை மெதுவாகத்தான் தூக்க வேண்டும், ஒரேயடியாகத் தூக்கினால் இருட்டு இருட்டாகவும் நிற்காது வெளிச்சமாகவும் மாறாது, சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும், இது சென்னியப்பனுக்குத் தெரியாததல்ல, இருந்தும் மவுஸைப் பிடித்திருந்த கை அவசரப்பட்டது, ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் கண் இவர் தோளுக்கு மேலாகக் கம்ப்யூட்டர் திரையிலேயே ஊன்றியிருப்பது பிடரியில் தெரிந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வழக்கமாக இந்நேரம் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்குப் போட்டிருக்கிற ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக் கொஞ்சம் கண்ணசருவார். இன்றைக்கு அதுவும் போச்சு. போன முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணங்களின் ஆல்பம் இன்னும் ஒன்றுகூட டிசைன் பண்ணி முடியவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காலையிலிருந்தே போன், மணிக்கட்டில் ஒரு வலி கட்டை விரல் வரைக்கும் வந்து நின்றுகொண்டு போக மாட்டேன் என்கிறது, இடது கண்ணில் கொஞ்ச நாளாக ஒரு பால் படலம். கண்ணைக் காட்டுங்க காட்டுங்க என்று மனைவி மயிலாத்தாள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். காட்டினால் புரை என்பான், அறுக்க வேண்டும் என்பான், அப்புறம் படம் எடுக்கலாமா டாக்டர் என்று கேட்க வேண்டும், அவன் சிரிப்பான். காட்டாதவரைக்கும் அது வெறும் தூக்கக் கலக்கம். தூக்கம் மட்டும்தான் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம், நாலு நாள் யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும். இந்தப் பெண்ணிடம் நேற்றுப் போனிலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. வாங்க, பாக்கலாம் என்று வாய் சொல்லிவிட்டது.

சகாயமேரி என்று பேர் சொன்னாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் மாட்டியிருந்த ஒரு காலண்டரில் மலைப் படத்தைப் பார்த்திருக்கிறாள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம், அடியில் பொடி எழுத்தில் ஸ்டுடியோ பெயர் இருந்தது, நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டாள். "அது எங்க பனிக்கல் எஸ்டேட் மலைங்க சார். அந்தப் பாறையை எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும். கீழ கருப்பா இருக்குதுல்ல, அங்கதான் எங்க லைன் வீடு. அதை வெளிச்சமாக்கிக் காட்ட முடியுங்களா?" இப்படித்தான் கேட்டாள். பனிக்கல் என்றதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. போன ஆடிக்கு முந்தின ஆடியில் நாள் கணக்காக மழை கொட்டி, அந்த மலைச்சரிவு தேயிலைச் செடியோடு பெயர்ந்து வந்து தொழிலாளர்களின் லைன் வீடுகள் மேல் உட்கார்ந்தது. டிவியில் பார்த்தார். செம்மண் சேற்றுக்கு நடுவே ஒரு கட்டில் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நம்ம மலை என்று அப்போது மயிலாத்தாளிடம் சொன்னார், நம்ம மலை, காலண்டருக்குக் குடுத்தோமே அது. நம்ம மலை. என்ன பேச்சு அது. மலை என்ன இவர் வைத்துக் கட்டியதா.

திரையில் மலை அவர் எடுத்த அன்றைக்குப் போலவே நின்றது. மார்கழி விடியல். உச்சிப் பாறைக்குப் பின்னால் வானம் மாதுளம்பழத்தைப் பிட்டு வைத்த நிறம், தோளில் ஒரு துண்டு மூடுபனி, நடுச்சரிவில் தேயிலை வரிவரியாக வெயிலுக்கு ஏங்கிக்கொண்டு, அப்புறம் கீழ்ப்பாதி முழுக்கக் கருப்பு. அந்தக் கருப்பு அவருக்குப் பிடித்திருந்தது. படத்துக்கு ஒரு கனம் கொடுக்கிறது என்று நினைத்தார், காலண்டர்காரரும் அதையேதான் சொன்னார், தேதிக் கட்டத்தை அதற்கு மேலேயே அச்சடித்துக்கொள்ளலாம், வசதி. வானத்துக்கு வெளிச்சம் பார்த்து எடுத்தால் தரை கருகும், அது கேமராவின் குணம், இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மனுசன் கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடும், கேமரா ஒன்றைத்தான் பார்க்கும். அன்றைக்கு எதிர்மலை ரோட்டோரம் ட்ரைபாடை ஊன்றிக்கொண்டு நின்றபோது கீழே வீடுகள் இருந்ததா? இருந்திருக்கும். நாய் குரைத்தது. யாரோ தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்த சத்தம், பித்தளை இல்லை, பிளாஸ்டிக் குடம், அந்தச் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்தது, அது கூட நினைவிருக்கிறது. வீடு நினைவில்லை. வருசத்துக்கு ஒரு தரம் இரண்டு தரம் மலைக்குப் போவதே மனுசர்களைப் பார்க்காமல் இருக்கத்தானே. மலையிடம் சிரிங்க சிரிங்க என்று கெஞ்ச வேண்டாம். என் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்குங்க அண்ணா என்று கேட்காது. கல்யாணப் பெண்கள் எல்லாரையும் மாவு பூசினது போல் வெளுக்க வைத்து வெளுக்க வைத்து அலுத்துப்போன கைக்கு, ஒரு விடியலை அது இருக்கிறபடி எடுப்பது ஒன்றுதான் குளியல். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இருக்கிறபடி.

நிழல் இன்னும் கொஞ்சம் ஏறியது. கருப்புக்குள்ளிருந்து ஏதோ ஊறி வந்தது, முதலில் பழுப்பு, பிறகு பச்சையும் சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள், மழை நாளில் டிவியில் வருமே அந்த மாதிரி. அதற்கு நடுவே ஒரு நீளக்கோடு. "அதுதாங்க," என்றாள் அவள், நாற்காலி முன்னால் இழுபட்டது. "அது கூரை. அஞ்சு வீடும் ஒரே கூரை. கடைசி வீடு எங்களது, வலது பக்கம்." அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கினால் வீடு பெரிதாகாது, கட்டங்கள்தான் பெரிதாகும், இதையும் சொல்ல வேண்டும், எப்போது சொல்வது. "வீட்டைப் பாத்தாச்சு இல்லீங்களா, இதையே பிரிண்ட் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார், இத்தோடு முடிந்துவிட்டால் ஷட்டரைப் பாதி இறக்கலாம். "வீட்டைப் பாக்க வரலீங்க," என்றாள் அவள். "வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கான்னு பாக்கணும்."

அப்புறம்தான் சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி. கம்பெனியில் கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டாள், கோயிலும் இல்லை சர்ச்சும் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீஸ். அப்பா சந்தியாகு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை, திட்டவும் இல்லை. குழந்தை பிறந்தது, அப்போதும் இல்லை. அம்மாதான் எப்போதாவது பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுவாள். ஒரு கார்த்திகை மாசம் கூப்பிட்டு, "அப்பா பின்னால ரூம் இறக்கறாரு புள்ள, தகரம் வாங்கிட்டு வந்துட்டாரு, நீயும் மாப்பிள்ளையும் வந்தா படுக்க இடம் வேணும்ல, வந்துரு" என்றாளாம். "நான் நம்பலீங்க. அம்மா அப்படித்தான், ரெண்டு பக்கமும் பொய் சொல்லிச் சேத்து வைக்கப் பாக்கும். என்கிட்ட அப்பா அழுதாருன்னு சொல்லும், அப்பாகிட்ட நான் அழுதேன்னு சொல்லும். அவரே கூப்பிடட்டும், அப்ப வர்றேன்னுட்டேன்." அவர் கூப்பிடவில்லை. ஆடி வந்தது, அப்பாவும் அம்மாவும் மண்ணுக்கடியில் போனார்கள். "பக்கத்து லைன்ல தப்பிச்சவங்களை எல்லாம் கேட்டுட்டேன். ஒருத்தர் ஏதோ இறக்கியிருந்தாருங்கறாங்க. ஒருத்தர் அது விறகு போடற சாளைங்கறாங்க. ஒருத்தர் ஞாபகம் இல்லைங்கறாங்க. உங்க படம் அதே வருச மார்கழியில எடுத்ததுன்னு சொன்னீங்கல்ல. கார்த்திகையில தகரம் வாங்கியிருந்தா மார்கழியில அது இருக்கணும்."

இருக்கணும். சென்னியப்பன் தண்ணீர் குடித்தார். இருக்கணும் என்று அவள் சொன்ன விதம் அவர் காதுக்குள் ஒரு எறும்பு மாதிரி நடந்தது. கூரைக்கோட்டின் வலது முனையை மறுபடி பார்த்தார். அங்கே ஒரு வெளிறல் இருந்தது, ஒரு நகத்தளவு, சுற்றியிருக்கிற பழுப்பை விட ஒரு சொட்டு வெளுப்பு. புதுத் தகரம் என்றால் விடியல் வானத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பும், பழைய துருத்தகரம் அனுப்பாது, ஆகவே அது புதுத் தகரமாக இருக்கலாம். பாறையாகவும் இருக்கலாம். துணி துவைக்கிற கல்லாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், நிழலைத் தூக்கினதால் வந்த வெறும் புள்ளிகளின் கூட்டமாகவும் இருக்கலாம், அதுதான் பெரும்பாலும் இருக்கும். இல்லை இது என் இடது கண்ணின் படலமா? ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றதை மூடிப் பார்த்தார். இரண்டிலும் இருந்தது, ஒன்றில் கொஞ்சம் கூட. "சார், ஏதாவது தெரியுதுங்களா?" படத்தில் ஒரு தகரத்தை வரைந்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும். கை தானாகக் கணக்குப் போட்டது, அந்தக் கையை அவருக்கே பிடிக்கவில்லை. இறந்துபோன அப்பாக்களைக் கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்க வைத்திருக்கிறார், அதே வெளிச்சத்தில், அதே நிழலோடு, கோட்டுப் போட்டு. ஃப்ரீசர் பெட்டியில் கிடந்த ஒரு தாத்தாவுக்குக் கண் திறந்து வைத்திருக்கிறார். எல்லாரும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். யாருக்கும் அது பொய்யில்லை, அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டு போனது. இவளும் ஒருவகையில் கேட்கத்தான் செய்கிறாள். அந்த வெளிறலை நாலு மூலையாக இழுத்து, மேலே ஒரு கீற்று வெளிச்சம் வைத்து, இதோ பாரும்மா என்று சொன்னால் அழுதுவிட்டுப் போய்விடுவாள், இவர் தூங்கலாம். பிறகு அவள் டீக்கடைக்குப் போவாள், காலண்டரைப் பார்ப்பாள், கருப்புக்குள் அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். நல்லதுதானே. நல்லதுதானா? அந்தத் தகரம் சந்தியாகு வாங்கியதாக இருக்காதே, சென்னியப்பன் வைத்ததாக இருக்கும். ஒரு மனுசன் வாயைத் திறந்து கூப்பிட முடியாமல் தகரம் வாங்கினான், அல்லது வாங்கவில்லை. வாங்காதவனாகவே அவன் செத்திருந்தால் அதை மாற்றுவதற்கு நான் யார், வாங்கியிருந்தால் என் தகரத்தை அதன் மேல் வைப்பதற்குத்தான் நான் யார். மவுஸை விட்டுக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். "தெரியலைம்மா," என்றார். "இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. இதுக்கு மேல இந்தப் படத்துல ஒண்ணும் இல்லை."

அவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓட ஆரம்பித்தது, ஃபேன் சுற்றுவது மந்தமானது. "ஏனுங்க சார் கீழ மட்டும் இவ்வளவு இருட்டாயிருக்கு? விடிஞ்சிருச்சே. அந்த நேரத்துல அம்மா வாசல் கூட்டியிருக்குமே." எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொன்ன விளக்கம். மறுபடி சொன்னார், "வானத்துக்குப் பாத்து வெச்சா தரை இருட்டாயிரும். தரைக்குப் பாத்து வெச்சா வானம் வெளுத்துப் போயிரும்." "ரெண்டும் சேந்து வரவே வராதுங்களா?" "வரும். ஒண்ணு வானத்துக்கு, ஒண்ணு தரைக்குன்னு தனித்தனியா எடுத்து, அப்புறமா ஒட்டணும்." சொல்லி வாயை மூடுவதற்குள் ஒன்று நினைவுக்கு வந்தது. எடுத்திருப்பேனே. மலைக்குப் போனால் கேமராவை அப்படித்தான் வைப்பது, ஒரு தட்டு தட்டினால் மூன்று விழும், ஒன்று சரியாக, ஒன்று கருப்பாக, ஒன்று வெளுப்பாக. எடுத்திருப்பேன். ஆனால் வைத்திருக்க மாட்டேன். வானம் நன்றாக வந்தால் வெளுத்ததை அன்றைக்கு ராத்திரியே அழித்துவிடுவது, அது பல் விளக்குகிற மாதிரி, இடத்தை அடைக்கிற குப்பை, ஆயிரக்கணக்கில் அழித்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் எத்தனை கூரை, எத்தனை வாசல். அந்த ராத்திரி என்ன செய்தேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் நேரம் இருந்திருக்கும், நேரம் இருந்தால் அழித்திருப்பேன். இல்லை, பனியில் நின்று காய்ச்சல் வந்ததே, மயிலாத்தாள் கசாயம் வைத்துக் கொடுத்துத் திட்டினாளே, அது அந்த வருசமா அதற்கு முந்தினதா. இந்தக் காய்ச்சல் எந்தக் காய்ச்சல். ஒரு மனுசனுடைய மார்கழிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டால் அப்புறம் என்ன செய்ய முடியும். "கொஞ்சம் இருங்க," என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார், முட்டி சொடுக்கியது.

பழைய ஹார்டு டிஸ்க்குகள் எல்லாம் பின்னணித் திரைகள் சுருட்டி வைத்த அலமாரியில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன. எதன் மேலும் வருசம் எழுதவில்லை. ஒன்றை மாட்டினால் மஞ்சள் நீராட்டு, இன்னொன்றை மாட்டினால் யாரோ ஒரு கவுன்சிலர் வரவேற்பு, அடுத்தது டக் டக் என்று அடித்துக்கொண்டு சுற்றவே மறுத்தது. சுற்றாததில்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தான். வேர்த்தது. இருந்து தொலைத்தால்தான் என்ன, இருந்து, அதில் அறை இல்லை என்று பட்டப்பகல் போலத் தெரிந்துவிட்டால்? இப்போதாவது இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவள் நாலு வருசம் ஓட்டுவாள். அதையும் பிடுங்கி அனுப்பவா இந்த வேகாத வெயிலில் பஸ் ஏறி வரச் சொன்னேன்? கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு கை டின்னைத் துழாவியது, கிடைக்கட்டும் என்று இன்னொரு கை. அடுத்ததை மாட்டியதும் பனிக்கல் என்று ஒரு ஃபோல்டர் வந்தது. உள்ளே எல்லாமே இருந்தது, மங்கியது, ஆடியது, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து எடுத்தது, ஒன்றுகூடக் கழிக்காமல், கார்டில் இருந்தபடியே. காய்ச்சல்தான். காய்ச்சலில் அப்படியே கொட்டிவிட்டுப் போர்த்திப் படுத்திருக்கிறார், பிறகு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு இதை மறந்திருக்கிறார். சோம்பேறித்தனத்தை அவர் அதுவரை நல்லது என்று நினைத்ததில்லை.

அந்த விடியலின் மூன்றில் வெளுத்த மூன்றாவது படத்தைத் திறந்தார். இவ்வளவு மோசமான படத்தை எடுத்தவன் தொழிலை விட்டுவிடலாம். வானம் இல்லை, மூடுபனி இல்லை, தேயிலைச் சரிவு இல்லை, உச்சிப் பாறை கூட ஓரம் கரைந்து எங்கோ போயிருந்தது, மேல் பாதி முழுக்க வெற்று வெள்ளை. கீழே, கழுவித் துடைத்தது போல, லைன் வீடுகள். அஞ்சு கதவு. முதல் வீட்டு வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம். கொடியில் துணி. கூரை முழுக்கத் துருப்பிடித்த காவி நிறம். கடைசி வீட்டுக்குப் பின்னால், சரிவைக் கொஞ்சம் வெட்டிச் சமப்படுத்திய மண்ணில், நாலு கம்பும் அதன் மேல் ஒரு தகரக் கூரையும், அது மட்டும் தும்பைப் பூ மாதிரி. சுவர் இன்னும் வைக்கவில்லை, பாதைப் பக்கம் ஒரு கதவு நிலை நட்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தது. சென்னியப்பன் திரையைத் தொடாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினார். அவள் கிட்டத்தில் வந்து குனிந்தாள். அவள் தலையிலிருந்து பஸ் தூசியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. "மேல கல்லு வெச்சிருக்காரு," என்றாள். "காத்துக்குப் பறக்காம இருக்கக் கல்லு. விறகுச் சாளைக்குக் கல்லு வெக்க மாட்டாரு. எங்க விறகுச் சாளை முன்னாலதான் இருக்கும், பாருங்க, அந்தா இருக்கு." விரலை நீட்டினாள், அது திரைக் கண்ணாடியில் பட்டுச் சின்னச் சத்தம் வந்தது. பிறகு, "இந்த ரூமுக்குக் கதவு வாசலைப் பாத்து இல்லைங்க, பாதையைப் பாத்து விட்டிருக்காரு," என்றாள். "நான் வந்தா அவரு மூஞ்சியில முழிக்காம நேரா உள்ள போயிரலாம்னு." சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் வெளியே பார்த்தார். ரோட்டில் இளநீர் வண்டிக்காரன் நிழலுக்குத் தக்கபடி வண்டியைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு டீ சொல்லலாமா. இப்போது டீ சொல்வது சரியாக இருக்குமா. அந்த விடியலில் எதிர்மலையில் இவர் கை விறைக்க நின்றபோது, அந்த மனுசன் நாலு கம்புக்கு நடுவே நின்றுகொண்டு இவரைப் பார்த்திருக்கலாம், யாரோ கிறுக்கன், வெறும் மலையைப் படம் எடுக்கிறான் என்று. பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். அசதி அப்படியேதான் இருந்தது, மணிக்கட்டு வலியும் அப்படியே, ஆனால் தூக்கம் எங்கேயோ போய்விட்டது. "அந்த வானத்தையும் இந்தத் தரையையும் ஒட்டி ஒரே படமாப் பண்ணித் தர்றேன்," என்றார் அவளிடம். "கொஞ்ச நேரந்தான் ஆகும். மலையும் தெரியும், வீடும் தெரியும். ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். "வேண்டாங்க சார். அந்தச் சரிவுதான் எல்லாத்தையும் கொண்டுட்டுப் போச்சு. அது இல்லாமலே இருக்கட்டும்."

பிரிண்டரில் பெரிய தாளாகப் பார்த்துச் செருகினார். உள்ளே ஏதோ உருண்டது, பிறகு மை வைக்கிற தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வர ஆரம்பித்தது, தாள் விரல்கிடை விரல்கிடையாக வெளியே வந்தது, வெள்ளையாக. இன்னும் கொஞ்சம் வந்தது, வெள்ளையாக. சகாயமேரி தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மை இல்லைங்களா?" என்றாள் மெதுவாக. "இருக்குது," என்றார் சென்னியப்பன், "வானம் முடிஞ்சா வீடு வரும்." அவள் தாளுக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினாற்போல் பிடித்துக்கொண்டு நின்றாள்.